நானோ வினாடிக் குடும்பஸ்தன்

ஓசூரில் குடியிருப்பவனுக்கு நேரத்தைப் பற்றி அதிகாரமாகப் பேச ஓர் உரிமை உண்டு என்பது என் கட்சி. டாடா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் 1984-ல் கூட்டாகத் தொடங்கிய டைட்டன், கைக்கடிகாரம் செய்ய இந்த ஊருக்குத்தான் வந்தது. நாடெங்கும் எத்தனையோ பேர் எங்கள் ஊர்ச் சரக்கைக் கையில் கட்டிக்கொண்டு முகூர்த்தத்துக்குப் போகிறார்கள். இந்தப் பெருமையில் என் நேரடிப் பங்கு, காலையில் கம்பெனி பஸ்ஸில் அந்தப் பக்கமாகத் தூங்கிக்கொண்டே போவது.

நான் வேலை செய்வது சிப்காட்டில், பெரிய கம்பெனிகளுக்குப் பாகம் செய்து கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனி. மெயின்டெனன்ஸ் செக்‌ஷன். மெஷின் நின்றால் என்னைக் கூப்பிடுவார்கள்; மெஷின் ஓடும்போது என்னை யாருக்கும் தெரியாது. சமீபத்தில் ஒரு புது மெஷின் வந்தது. அதில் மோட்டார்களை ஓட்டும் டிரைவ்கள் எல்லாம் நெட்வொர்க் கேபிளில் ஒன்றோடொன்று பேசி, ஒரே கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்கின்றனவாம். இன்ஸ்டால் பண்ண வந்த பையன், என் மகளைவிட இரண்டு வயது கூட இருந்தால் அதிகம், "இதெல்லாம் பி.டி.பி. சார், மைக்ரோ செகண்டுக்குள்ள சிங்க் ஆகும்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டான். நான் தலையாட்டினேன். முப்பது வருஷ சர்வீஸில் தலையாட்டலில்தான் நான் நிபுணன். ஆனால் அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஒரு பையனுக்குத் தெரிந்த மைக்ரோ வினாடி எனக்குத் தெரியாமல் போவதா? வீட்டில் இரண்டு பழைய கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. அவற்றின் கடிகாரங்களை ஒரு மைக்ரோ வினாடிக்குள் ஒத்துப்போக வைத்துக் காட்டுவது என்று முடிவெடுத்தேன். யாருக்குக் காட்டுவது என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

"எதுக்குங்க?" என்றாள் மனைவி.

பி.டி.பி. என்பது 2002-ல் ஐ.இ.இ.இ. 1588 என்ற எண்ணோடு வந்த தரநிர்ணயம், 2008-லும் 2019-லும் திருத்தினார்கள் என்று ஆரம்பித்தேன். அவள் 2002-லேயே எழுந்து போய்விட்டாள்.

விஷயம் உண்மையில் அழகானது. கம்ப்யூட்டருக்குள் இருப்பதும் ஒரு குவார்ட்ஸ் படிகம்தான். ஒரு லட்சத்தில் இரண்டு பங்கு பிசகினால்கூட, ஒரு நாளைக்கு 1.7 வினாடி தவறும். இன்டர்நெட் வழியாக நேரம் கேட்டுத் திருத்திக்கொள்ளும் என்.டி.பி. முறையில் சில மில்லி வினாடி சுத்தம் கிடைக்கும். வீட்டுக்கு அது தாராளம். மைக்ரோ வினாடி வேண்டுமென்றால் ஒரு சிக்கல். செய்தி எப்போது வந்தது என்று குறிப்பது யார்?

சிப்காட்டில் வேலை செய்பவர்களுக்கு இதை கேட் வைத்துச் சொல்லலாம். லாரி கேட்டுக்குள் நுழையும்போதே செக்யூரிட்டி ரிஜிஸ்டரில் நேரம் எழுதினால் அது ஒரு கணக்கு. அவர் எழுதாமல் விட்டு, டிரைவர் இன்வாய்ஸை எடுத்துக்கொண்டு ஸ்டோர்ஸுக்குப் போய், அங்கே இருக்கிறவர் டீ முடித்து வந்து சரக்கு வந்ததற்கான ஜி.ஆர்.என். சீட்டு போடும்போது நேரம் எழுதினால் அது வேறு கணக்கு. டீ ஒரு நாள் ஐந்து நிமிடம், ஒரு நாள் இருபத்தைந்து. ஸ்டோர்ஸ்காரர் நாணயமானவர்தான், ஆனால் அவர் எழுதுவது லாரி வந்த நேரத்தை அல்ல, தாம் வந்த நேரத்தை. கம்ப்யூட்டரில் இந்த ஸ்டோர்ஸ்காரர்தான் ஆபரேட்டிங் சிஸ்டம். செய்தி வந்த பிறகு அது மற்ற வேலைகளை முடித்துவிட்டு வந்து குறிக்கும் நேரம் சாஃப்ட்வேர் டைம்ஸ்டாம்ப். நெட்வொர்க் கார்டிலேயே ஒரு கடிகாரம் வைத்து, செய்தி வாசலைத் தாண்டும் கணத்திலேயே அடிக்கும் முத்திரை ஹார்டுவேர் டைம்ஸ்டாம்ப்.

மீதியும் லாரிக் கணக்குதான். ஓசூர் கேட்டில் புறப்பட்ட நேரம், கிருஷ்ணகிரி கேட்டில் சேர்ந்த நேரம், அங்கிருந்து திரும்பிப் புறப்பட்ட நேரம், ஓசூர் வந்து சேர்ந்த நேரம் என்று நான்கு குறிப்புகள். போக வர ஒரே நேரம் ஆகிறது என்று வைத்துக்கொண்டால், கூட்டிக் கழித்து இரண்டால் வகுத்தால் பயண நேரமும் கிடைக்கும், இரண்டு கேட் கடிகாரங்களுக்கும் உள்ள வித்தியாசமும் கிடைக்கும். போக வர ஒரே நேரம் என்பதை சூளகிரி நெரிசல் தெரிந்த யாரும் நம்ப மாட்டார்கள். கேபிளில் ஓரளவு நம்பலாம். அங்கே ஒரு நானோ வினாடியில் மின்குறி ஏறத்தாழ ஒரு சாண் தூரம் போகும். நடுவில் சாதாரண சுவிட்ச் இருந்தால், அது செய்தியை எவ்வளவு நேரம் நிறுத்தி வைக்கும் என்று சொல்ல முடியாது. அதுவே ஒரு சூளகிரி. அதனால் இரண்டு கம்ப்யூட்டரையும் ஒரே கேபிளால் நேராக இணைத்தேன்.

லினக்ஸில் இதற்கு ரிச்சர்ட் காக்ரன் எழுதிய லினக்ஸ்பி.டி.பி. என்ற மென்பொருள் இருக்கிறது. ஓட்டினேன். கேட்கிற டைம்ஸ்டாம்பிங் முறை இந்த இன்டர்ஃபேஸில் இல்லை என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு நின்றுகொண்டது. கவர்ன்மென்ட் ஆபீஸில்கூட "நாளைக்கு வாங்க" என்பார்கள். இது அதுவும் சொல்லவில்லை.

கார்டிடமே நேராகக் கேட்க எத்டூல் என்ற கட்டளை இருக்கிறது. பின்னால் மைனஸ் போட்டு பெரிய டி. கேட்டேன். சாஃப்ட்வேரில் அனுப்பும்போது குறிக்க முடியும், பெறும்போது குறிக்க முடியும் என்று இரண்டு மூன்று வரி பெருமையாகச் சொன்னது. பிறகு பி.டி.பி. ஹார்டுவேர் கிளாக் என்ற இடத்தில், இல்லை. அனுப்பும் முறை, இல்லை. பெறும் வடிகட்டி, இல்லை. ஓர் இயந்திரம் இவ்வளவு வெளிப்படையாகத் தன் வறுமையைச் சொல்லி நான் பார்த்ததில்லை. பயோடேட்டாவில் நாங்கள் யாரும் இப்படி எழுதுவதில்லை.

இந்த இடத்தில் சாமர்த்தியசாலி என்ன செய்வான்? சில்லின் நம்பரைப் பார்ப்பான். நான் குடும்பஸ்தன், முதலில் கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். அப்புறம் ரீஸ்டார்ட். அப்புறம் கார்டைக் கழற்றி, அதன் தங்கப் பற்களை ரப்பரால் தேய்த்து, ஊதி, மாட்டினேன். ஊதுவது மெயின்டெனன்ஸ் செக்‌ஷனின் குலதர்மம். கார்டு சுத்தமாகி, அதே "இல்லை"யை இன்னும் தெளிவாகச் சொன்னது.

கல்லூரி லீவில் வந்திருந்த மகள் எட்டிப் பார்த்தாள். "அப்பா, நீங்க கேக்கறது கார்டையே இல்ல. பிரிட்ஜை."

நானே என்றோ ஏதோ பரிசோதனைக்காக கார்டின் மேல் பிரிட்ஜ் என்ற மென்பொருள் இன்டர்ஃபேஸ் ஒன்றை ஏற்றி வைத்திருந்தேன். அதற்கு உடம்பே கிடையாது. உடம்பில்லாதவரிடம் போய் வாட்ச் எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். சந்தோஷமாக உள்ளே இருக்கும் நிஜக் கார்டின் பெயரைக் கொடுத்துக் கேட்டேன். அதுவும் "இல்லை" என்றது. ஆக இல்லாமையிலும் இரண்டு அடுக்கு.

அடுத்து டிரைவர் மேல் சந்தேகம்; லாரி டிரைவர் அல்ல, கார்டை இயக்கும் மென்பொருள். இது நியாயமான சந்தேகம்தான். சில்லில் வசதி இருந்தும் டிரைவரில் அதை எழுதாமல் விட்டிருக்கலாம். டிரைவரில் எழுதியிருந்தும் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைத் தயாரித்தவர்கள் பி.டி.பி. பகுதியைச் சேர்க்காமல் விட்டிருக்கலாம். லினக்ஸில் இதற்கான அடித்தளமே 2011-ல் 3.0 கெர்னலோடுதான் வந்தது. எனவே கெர்னலை மாற்றினேன். மாற்றியதில் பிரிண்டர் நின்றுவிட்டது, டைம்ஸ்டாம்பிங் வரவில்லை. மகள் சில்லின் நம்பரைத் தேடி, தயாரித்தவரின் ஆவணத்தைத் திறந்து, அரை நிமிடத்தில் சொன்னாள். "இதுல அந்த சர்க்யூட்டே கிடையாதுப்பா. சாஃப்ட்வேர் மாத்தி என்ன பண்ணுவீங்க?" கேட்டில் ஆளே போடாத கம்பெனியில் ரிஜிஸ்டரை எத்தனை தடவை மாற்றினாலும் என்ன?

இரண்டாவது கம்ப்யூட்டரில் யு.எஸ்.பி. அடாப்டர். அந்த ரகங்களில் பெரும்பாலானவற்றில் இந்த வசதி இருக்காது, அதிலும் இல்லை. ஆனால் டிவைஸ் பட்டியலில் பி.டி.பி.0 என்று ஒரு கடிகாரம் உட்கார்ந்திருந்தது. யாருடையது? தேடிப் பார்த்தால், மதர்போர்டிலேயே இருக்கும் இன்டெல் ஐ219 போர்ட்டுடையது. அதில் எல்லாம் இருந்தது: அனுப்பும் முறை, பெறும் முறை, சொந்தக் கடிகாரம். அதை ஏன் பயன்படுத்தவில்லை? பழைய கேபிளின் கிளிப் உடைந்து அடிக்கடி கழன்று வந்ததால், போர்ட் போய்விட்டது என்று தீர்ப்பெழுதி, காசு கொடுத்து யு.எஸ்.பி. அடாப்டர் வாங்கியவன் நான். கெட்டது கேபிளின் கிளிப், தண்டனை போர்ட்டுக்கு. கம்பெனியில் இப்படித்தான் ஒரு ஹெல்பரை வேறு செக்‌ஷனுக்கு மாற்றினார்கள், அவன் அங்கே சூப்பர்வைசர் ஆகிவிட்டான்.

அந்த வாரம் முழுக்க சாஃப்ட்வேர் முறையிலேயே ஓட்டிப் பார்த்தேன், லினக்ஸ்பி.டி.பி.யில் ஒரு பெரிய எஸ் போட்டால் போதும். ஓடியது. வித்தியாசம் பத்து இருபது மைக்ரோ வினாடிகளில் இருந்தது. பரவாயில்லையே என்று நினைத்துக்கொண்டிருந்தபோது மனைவி அதே கம்ப்யூட்டரில் சீரியல் பார்க்க உட்கார்ந்தாள். எண்கள் எகிற ஆரம்பித்தன. விளம்பரம் வந்தால் ஒரு எகிறல், அழுகை வந்தால் ஒரு எகிறல். ஸ்டோர்ஸ்காரருக்கு வேலை கூடினால் டீ நேரம் நீளும் என்பதற்கு இதைவிட நிரூபணம் வேண்டாம். "கொஞ்ச நேரம் நிறுத்து, மைக்ரோ வினாடி கெடுது" என்றேன். அவள் பார்த்த பார்வை மில்லி வினாடிக் கணக்கில் வராது.

ஆகவே நல்ல கார்டு வாங்க பெங்களூர் எஸ்.பி. ரோடு. ஓசூர்க்காரனுக்கு மாரியம்மன் கூழிலிருந்து மதர்போர்டு வரை எதற்கும் பெங்களூர்தான் என்ற கெட்ட பெயர் உண்டு. கூழ் விஷயத்தில் அது அபாண்டம். பஸ் ஜூஜூவாடியைத் தாண்டி அத்திப்பள்ளி எல்லையில் நுழைந்ததும் கடை போர்டுகள் கன்னடமாகும். சில்க் போர்டு வந்ததும் பஸ் நிற்கும். நெரிசலில் அங்கே உட்கார்ந்திருக்கும்போது, நானோ வினாடி வாங்க நான் முழு நாளைச் செலவழிப்பது மனதில் பட்டது. பட்டதோடு சரி.

கடையில் "ஏனு பேக்கு சார்?" என்றார்.

டைம்ஸ்டாம்பிங் உள்ள நெட்வொர்க் கார்டு என்றேன். அவர் உள்ளே திரும்பி இன்னொருவரைக் கேட்டார். அவர் மாடியில் ஒருவரைக் கேட்டார். மேலிருந்து பதில் இறங்கி வந்தது, நல்ல தமிழில்: "டைம் வேணும்னா வாட்ச் கடைக்குப் போங்க சார். எந்த ஊரு?"

ஓசூர் என்றேன். அதற்கு மேல் அந்தக் கடையில் எனக்கு மரியாதை இல்லை.

கடைசியில் ஒரு சந்தில், சர்வரிலிருந்து கழற்றிய பழைய கார்டுகளைக் கீரைக்கட்டு போலக் குவித்து வைத்திருந்தவரிடம் இன்டெல் ஐ210 ஒன்று கிடைத்தது. அந்தச் சில்லில் ஹார்டுவேர் டைம்ஸ்டாம்பிங் உண்டு. லினக்ஸ் டிரைவரும் அதை அறியும். விலையை வீட்டில் பாதியாகச் சொன்னேன். அந்தப் பாதிக்கே "இதுக்கா?" வந்தது.

மறுநாள் திங்கட்கிழமை, எங்கள் கம்பெனிக்கு வார விடுமுறை. காலையில் ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக உட்கார்ந்தால், கிருஷ்ணகிரியிலிருந்து வந்திருந்த மாமியார் தடுத்தார். "மாப்பிள்ளை, புதுச் சாமானை ராகு காலத்துலயா மாட்டுவீங்க? ஏழரைலேர்ந்து ஒம்போது."

அவர் சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருப்பார். ஒன்பதுக்கு மாட்டியிருக்கலாம். எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அத்தை, அந்த ஒன்பது எந்த ஒன்பது?" என்றேன். இந்திய நேரம் என்பது 82.5 பாகைத் தீர்க்கரேகையின் நேரம். அது போகிற இடம் உத்தரப் பிரதேசத்து மிர்சாபூர்ப் பக்கம். ஓசூர் அதற்கு மேற்கே இருப்பதால், நம் சூரியன் அந்த நேரத்துக்குச் சராசரியாகப் பதினெட்டு பத்தொன்பது நிமிடம் பிந்தியவர். கிருஷ்ணகிரியின் சூரியனே ஓசூர்ச் சூரியனைவிட ஒன்றரை நிமிடம் முந்தியவர். 1906 ஜனவரி 1-க்கு முன்னால் இந்த ஒரே நேரமும் கிடையாது. கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 வினாடி முன்னால் ஓடிய மெட்ராஸ் நேரத்தில்தான் இந்தியா முழுக்க ரயில்கள் ஓடின. அந்த நேரத்தைக் கணித்தது மெட்ராஸ் வானாய்வுக் கூடம். சூரிய உதயத்தை வைத்துத்தானே ராகு காலம்?

மாமியார் கவனமாகக் கேட்டார். என் வீட்டில் என் விளக்கம் ஒன்றை முழுதாகக் கேட்ட முதல் மனுஷி அவர்தான். கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்ப நம்ம ஊர்ல ராகு காலம் ஒம்போது இருபது வரைக்கும் இருக்குன்னு சொல்லுங்க. அதுவரைக்கும் தொடாதீங்க."

இருபது நிமிடத்தை என் வாயால் நானே கூட்டிக்கொண்டேன். அதோடு முடியவில்லை. அன்றிலிருந்து அவர் எல்லா ராகு காலத்துக்கும் பின்னால் பத்தொன்பது நிமிடம் சேர்க்கிறார். ஆனால் முன்னால் உள்ள ஏழரையைத் தள்ளி வைக்கவில்லை, ஜாக்கிரதைக்கு இருக்கட்டுமாம். எங்கள் வீட்டில் இப்போது ராகு காலம் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு மேல்.

ஒன்பது இருபதுக்கு கார்டை மாட்டினேன். எத்டூல் கேட்டேன். ஹார்டுவேர் அனுப்பல், உண்டு. ஹார்டுவேர் பெறல், உண்டு. பி.டி.பி. ஹார்டுவேர் கிளாக், பூஜ்யம். பூஜ்யத்தைப் பார்த்து மனம் ஒரு கணம் விழுந்தது. அது மார்க் அல்ல, கடிகாரத்தின் வரிசை எண் என்று மகள் எடுத்துச் சொன்னாள். இங்கே எண்ணுவது பூஜ்யத்திலிருந்து. ஐ219 போர்ட்டில் புதுக் கேபிள், இந்தப் பக்கம் ஐ210, நடுவில் சுவிட்ச் கிடையாது. ஓட்டினேன். முதலில் லிசனிங் என்றது. பிறகு அன்கேலிபரேட்டட் என்றது. "இது கம்ப்யூட்டரையா, உங்களையா?" என்றாள் மனைவி. பிறகு ஸ்லேவ். எண்கள் ஆயிரங்களில் இருந்து நூறுகளுக்கு இறங்கி, நூறுக்குள் போய் நின்றன. நானோ வினாடி! சீரியலைப் போடச் சொன்னேன், நானே. அழுகைக் காட்சி வந்தது. எண் அசையவில்லை. கேட்டில் ஆள் இருக்கிறார். உள்ளே யார் அழுதால் அவருக்கு என்ன?

இப்படி ஜெயித்த பிறகு மகள் போனை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். "அப்பா, உங்க கம்ப்யூட்டர் 37 செகண்ட் ஃபாஸ்ட்."

பார்த்தால் நிஜம். துல்லியமாக 37. இது என் கைங்கரியம் இல்லை, உலக விவகாரம். பி.டி.பி. ஓடுவது அணுக்கடிகார நேரத்தில். நாம் எல்லோரும் வாழும் நேரத்திலோ, பூமி மெதுவாகச் சுற்றுகிறது என்பதற்காக 1972-லிருந்து அவ்வப்போது ஒரு லீப் வினாடியைச் செருகி வந்தார்கள். கடைசியாகச் செருகியது 2016 டிசம்பர் முடிவில். ஆரம்ப வித்தியாசம் பத்தும் செருகியது இருபத்தேழும் சேர்ந்து முப்பத்தேழு. இந்தத் தொல்லையே வேண்டாம், 2035-க்குள் நிறுத்திவிடலாம் என்று 2022-ல் எடையளவு மாநாட்டில் முடிவெடுத்திருக்கிறார்கள். கார்டின் கடிகாரத்திலிருந்து கம்ப்யூட்டர் கடிகாரத்துக்கு நேரத்தைக் கொண்டுவரும் இன்னொரு கட்டளையிடம், 37-ஐக் கழி என்று சொன்னால் கழிக்கும். சொல்லாவிட்டால் கழிக்காது. சொன்னேன்.

"இப்ப மணி என்ன?" என்றாள் மனைவி, சமையலறைப் பக்கமிருந்து.

அணுக்கடிகார நேரமா, கிரீன்விச் நேரமா, இந்திய நேரமா, ஓசூர்ச் சூரியனா என்று நான் ஆரம்பிப்பதற்குள், தன் சமையலறைக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். அது பத்து நிமிடம் முன்னால் ஓடும். அவள் வேண்டுமென்றே வைத்தது. அதில் எட்டு என்றால் நிஜத்தில் ஏழு ஐம்பது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் எட்டு என்று அலறிக்கொண்டு கிளம்புவதால்தான் என் பஸ்ஸை நான் இத்தனை வருஷமாகப் பிடிக்கிறேன். என் நானோ வினாடிக் கம்ப்யூட்டரால் இதுவரை ஒரு பஸ்ஸும் பிடிபடவில்லை.

கழற்றிய பழைய கார்டைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. மனைவி வீட்டு முன்னறையில் ரவிக்கை தைத்துக் கொடுக்கிறாள். அந்த பில்லிங் கம்ப்யூட்டரில் மாட்டிவிட்டேன். பிரமாதமாக ஓடுகிறது. யாரும் அதை நானோ வினாடி கேட்பதில்லை. போன வாரம் பில்லை வாங்கிப் பார்த்த ஒரு பெண், "அக்கா, இதுல டைம் பத்து நிமிஷம் முன்னாடி இருக்கே, கம்ப்யூட்டர் ரிப்பேரா?" என்றாள்.

"இல்லம்மா, நான்தான் அப்படி வெச்சிருக்கேன்" என்றாள் மனைவி. "இவர்கிட்ட சொல்லிடாத. சரி பண்றேன்னு உக்காந்துடுவார்."